கைக்குத் தட்டுப்படும் கட்டி, தொண்டைக்குத் தட்டுப்படும் கட்டி

கழுத்தில் கட்டி என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் முதலில் கேட்பது "வலிக்குதா?" என்பதுதான். வலிக்கிறது என்றால் உடனே டாக்டரிடம் ஓடுவார்கள். வலி இல்லை என்றால் "அப்போ ஒண்ணும் இல்ல, விடு" என்று பேச்சு அதோடு முடிந்துவிடும். கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்த நான் சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வந்திருக்கிறேன். அதை நம்பி மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், சும்மா இருந்ததையும் பார்த்திருக்கிறேன். கழுத்தைப் பொறுத்தவரை வலியை வைத்து முடிவு செய்வது ரொம்பத் தப்பு. பல்லில் சீழ், டான்சில் வீக்கம், சளிக்காய்ச்சலோடு நெறி கட்டுவது, பொன்னுக்கு வீங்கி, இதெல்லாம் வலிக்கும், பெரும்பாலும் சரியாகியும் விடும். தைராய்டில் வரும் கட்டி, காசநோயால் வீங்கும் நெறி, வாயிலோ தொண்டையிலோ இருக்கும் புற்றுநோய் கழுத்து நெறிக்குப் பரவுவது, இவை ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததெல்லாம் ஆபத்து என்று சொல்லவில்லை. தைராய்டுக் கட்டிகளில் பத்துக்குக் குறைந்தது ஒன்பது சாதாரணமானவைதான். ஆனால் அது சாதாரணம்தானா என்பதை வலி சொல்லாது, சோதனைதான் சொல்லும்.

எங்கள் அத்தைக்கு அப்படி ஒரு கட்டி இருந்தது. அப்பாவின் அக்கா. துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் தலைச்சுமையாக மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் தெருக்களில் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். தொண்டைக் குழிக்குச் சற்று மேலே, வலது பக்கம் தள்ளி, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. முந்தானையை எப்போதும் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டிருப்பார், வெயிலுக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். தெரிந்த ஒருவர் சொல்லி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவியிருக்கிறார். கட்டி கரைய என்று யாரோ கொடுத்த சூரணத்தையும் சாப்பிட்டிருக்கிறார். இடையில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்துத் தைராய்டு டெஸ்ட் பார்த்து, "நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். டி.எஸ்.ஹெச். என்கிற ரத்தப் பரிசோதனை, தைராய்டு சுரப்பி சரியான அளவில் சுரக்கிறதா என்பதைச் சொல்லும். அந்தச் சுரப்பியில் இருக்கும் கட்டி என்ன வகை என்று அதற்குத் தெரியாது. சாதாரணக் கட்டியோ புற்றுநோயோ, இரண்டிலுமே ரத்தம் நார்மலாக இருப்பதுதான் வழக்கம். ரத்தப் பரிசோதனை தேவை, அது முதல் படி. அதற்கு அப்புறம் கழுத்து அல்ட்ராசவுண்ட், அதில் சந்தேகம் இருந்தால் ஊசிப் பரிசோதனை. முதல் படியோடு திருப்தி அடைந்து வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

அத்தையை அசைக்கவே முடியாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. "ஊசி குத்தினா கிளறி விட்ட மாதிரி ஆயிடும், கத்தி பட்டா பரவிடும்." இதைச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. மீன் சந்தையில் பேசிக்கொள்வார்கள், பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். ஜிப்மர் மருத்துவமனை இருக்கிற புதுச்சேரி இங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று பஸ் நிமிடத்துக்கு ஒரு நிறுத்தமாகப் போய்ச் சேர்ந்துவிடும். இந்தப் பேச்சு மட்டும் இல்லையென்றால் அத்தை எப்போதோ அந்தப் பஸ்ஸில் ஏறியிருப்பார்.

கடைசியில் அவர் வந்தது தனக்காக இல்லை, எனக்காக.

அப்பா போனபின் கருமாதி முடிந்து வீடு வெறிச்சென்று ஆனது. அந்த நாட்களில்தான் எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி ஆரம்பித்தது. நடுவில், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே. விழுங்கினால் போகாது, காறினால் வராது. எச்சிலை விழுங்கும்போது அதிகமாகத் தெரியும், சோறு சாப்பிடும்போது அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோகும். கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பேன். கையில் எதுவும் தட்டுப்படாது. ராத்திரி விளக்கை அணைத்தபின் அது பெரிதாகிக்கொண்டே போகும். புற்றுநோய்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அழுதுகொண்டே அத்தையிடம் சொன்னேன். "நீ ஏன்டி அழுவுற, வா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று காலையில் கூடையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பி வந்தார்.

புதுச்சேரியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கண் அத்தையின் முந்தானை மேல் போய்விட்டது. "அம்மா, நீங்க கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்க" என்றார். ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்து, ஒரு வாய் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி, கழுத்தைப் பார்த்தபடியே "இப்போ முழுங்குங்க" என்றார். அத்தை விழுங்கினார். கட்டி மேலே ஏறி, திரும்ப இறங்கியது. இத்தனை காலம் பக்கத்தில் இருந்து நான் அதைப் பார்த்ததில்லை. அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னார், அதற்குக் கட்டி அசையவில்லை. பின்னால் போய் நின்று இரண்டு கை விரல்களாலும் கழுத்தின் இரு பக்கமும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார், தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், காறை எலும்புக்கு மேலே என்று ஓர் இடம் விடாமல்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயோடும் குரல்வளையோடும் ஒட்டியிருக்கிறது. விழுங்கும்போது குரல்வளை மேலே போகும், தைராய்டும் அதோடு போகும். அதனால் விழுங்கும்போது ஏறி இறங்குகிற கட்டி பெரும்பாலும் தைராய்டில் இருப்பது. நாக்கை நீட்டினால் மேலே இழுபடுகிற கட்டி வேறு. கரு வளரும்போது தைராய்டு நாக்கின் வேர்ப்பகுதியில் உருவாகிக் கழுத்துக்கு இறங்கி வருகிறது, அந்தப் பாதை சிலருக்கு முழுதாக மூடாமல் போய் அதில் நீர் கோத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் கழுத்தின் நட்டநடுவில் வருவது பெரும்பாலும் அதுதான். பக்கவாட்டில் வருவது எச்சில் சுரப்பியாகவோ நெறியாகவோ இருக்கலாம். சாப்பிட உட்காரும்போது தாடைக்குக் கீழே வீங்கி, சாப்பிட்டு முடித்தபின் மெல்ல வடிந்தால் எச்சில் குழாயில் கல் இருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஸ்கேனில் கட்டியின் அளவை விட அதன் தோற்றத்தைத்தான் பார்க்கிறார்கள். நீர் நிறைந்ததா, கெட்டியானதா, ஓரம் சீராக இருக்கிறதா, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள் இருக்கிறதா, அகலத்தைவிட உயரம் அதிகமா. இதற்கெல்லாம் மதிப்பெண் போட்டு, 1 முதல் 5 வரை ஒரு படியில் வைப்பார்கள், டிராட்ஸ் என்று ரிப்போர்ட்டில் இருக்கும். அந்தப் படியையும் அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஊசி தேவையா இல்லையா என்று முடிவு. எல்லாக் கட்டிக்கும் ஊசி போடுவதில்லை. அத்தைக்குப் போட வேண்டும் என்றார்கள். அத்தை எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். மருத்துவரே வந்து பக்கத்தில் நின்று சொன்னது இதுதான்: "அம்மா, ரத்தம் எடுக்கறாங்களே, அதைவிட மெல்லிசு ஊசி. இந்த ஊசியால பரவறது மிக மிக அபூர்வம். இது என்னன்னு தெரியாம நான் உங்களுக்கு எந்த வைத்தியமும் செய்ய முடியாது." அத்தை என்னைப் பார்த்தார். "இவளுக்கு மொதல்ல பாருங்க, அப்புறம் எனக்குப் போடுங்க" என்றார்.

ஊசிப் பரிசோதனையைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், போகப் பயப்படுகிறவர்கள் நிறைய பேர். தோளுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துப் படுக்கவைப்பார்கள், தலை பின்னால் சாய்ந்து கழுத்து நன்றாக மேலே வரும். ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்கள். "இப்போ முழுங்காதீங்க, பேசாதீங்க" என்பார்கள், நடுவில் விழுங்கினால் கட்டி நகர்ந்துவிடும் என்பதால். அத்தைக்கு ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்து, திரையில் ஊசி முனை கட்டிக்குள் போவதைப் பார்த்தபடியே செய்தார்கள். உள்ளே போன ஊசியைச் சில நொடிகள் முன்னும் பின்னும் சின்னதாக அசைத்தார்கள், அதில்தான் செல்கள் ஊசிக்குள் ஏறுகின்றன. வெளியே எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து, இன்னொரு தகட்டால் இழுத்துப் பரப்பி, உடனே ஆல்கஹால் இருந்த சின்ன ஜாடிக்குள் நிறுத்தினார்கள். காய்ந்துவிட்டால் செல்கள் உருக்கெட்டுப் போகும் என்பதால் அந்த அவசரம். சில தகடுகளைக் காயவும் விட்டார்கள், அதற்கு வேறு சாயம். பிறகு பஞ்சை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். அத்தை எழுந்து உட்கார்ந்து, "கெளுத்தி முள்ளு குத்தினா இதைவிட வலிக்கும்" என்றார்.

தைராய்டு ஊசி முடிவை பெதஸ்தா என்கிற முறையில் ஆறு வகையாகப் பிரித்து எழுதுவார்கள். 1 என்றால் செல்கள் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று பொருள், அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். 2 என்றால் சாதாரணக் கட்டி. 6 என்றால் புற்றுநோய் என்பது கிட்டத்தட்ட உறுதி. நடுவில் 3, 4 என்று வரும்போதுதான் குழப்பம், செல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாத சில வகைகள் உண்டு. ஃபாலிகுலர் என்கிற வகையில் கட்டியைச் சுற்றியுள்ள உறையை அது துளைத்திருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும், அதற்குக் கட்டியை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அத்தைக்கு வந்தது 2. கொல்லாய்டு என்கிற பசை மாதிரியான திரவம் நிறைந்த சாதாரணக் கட்டி. மாத்திரை கிடையாது, ஆபரேஷன் கிடையாது, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், மூச்சையோ உணவுக்குழாயையோ அழுத்தினால் அப்போது யோசிக்கலாம் என்றார்கள். ஒருவேளை 6 என்று வந்திருந்தாலும், தைராய்டுப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் பாப்பில்லரி வகை மெதுவாக வளர்வது, ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலானவர்கள் நல்லபடியாக வாழ்கிறார்கள். இது தெரிந்திருந்தால் அத்தை இத்தனை காலம் ராத்திரியில் தனியாகக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டார்.

சரி, என் தொண்டை. மூக்கில் மரத்துப்போக மருந்து அடித்து, ஒரு மெல்லிய கேமரா குழாயை மூக்கு வழியாக விட்டு, "ஈ" சொல்லுங்க என்றார்கள். திரையில் என் குரல்நாண்கள் வெள்ளையாக, இரண்டும் சமமாக வந்து சேர்ந்து விலகின. எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்றாலும் எனக்குத் தெரிவது பொய் இல்லை என்று மருத்துவர் சொன்னார், அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை மறக்க மாட்டேன். உணவுக்குழாயின் வாசலில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. சும்மா இருக்கும்போது இறுகி மூடியிருக்கும், விழுங்கும்போது திறக்கும். துக்கமோ பதற்றமோ அதிகமானாலும், வயிற்று அமிலம் மேலே ஏறினாலும் அந்தப் பகுதி இறுக்கமாகத் தெரியலாம். அதைப் போக்க எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்குவோம், காறுவோம். வாய் வறண்டபின் வெறுமனே விழுங்குகிற ஒவ்வொரு தடவையும் அந்த உணர்வு இன்னும் கூடும். காறாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னார், ராத்திரி சாப்பிட்டதும் படுக்காமல் இருக்கச் சொன்னார், கொஞ்ச நாளைக்கு அமிலத்துக்கு மருந்து கொடுத்தார். மெல்ல மெல்லக் குறைந்து, எப்போது போனது என்று தெரியாமலே போய்விட்டது. ஒரு காலத்தில் மேற்கத்திய மருத்துவத்தில் இதைப் பெண்களின் ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தியிருந்தார்கள், நம் ஊரில் இன்றைக்கும் "எல்லாம் மனப்பிரமை" என்று தள்ளிவிடுகிறார்கள். இது ஆண்களுக்கும் வருவது, மிகச் சாதாரணமாக வருவது.

ஆனால் இதையே சாக்காக வைத்து "எனக்கும் இதுதான்" என்று தானாக முடிவு செய்யாதீர்கள். எனக்கு உணர்வு நடுவில் இருந்தது, வந்து வந்து போனது, சாப்பிடும்போது மறைந்தது. உண்மையிலேயே உள்ளே ஏதாவது இருந்தால் பெரும்பாலும் சாப்பிடும்போதுதான் தெரியும். முதலில் சோறு, சப்பாத்தி மாட்டும், தண்ணீர் குடித்து இறக்க வேண்டியிருக்கும், அப்புறம் கஞ்சிகூட இறங்காது. குரல் கரகரத்து மூன்று வாரத்துக்கு மேல் சரியாகவில்லை, விழுங்கும்போது ஒரு பக்கம் மட்டும் வலித்துக் காது வரை போகிறது, எடை குறைகிறது, எச்சிலில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் உடனே போங்கள்.

அத்தைக்கு ஒரு சந்தேகம் இன்னும் உண்டு. "கடல் மீனும் கடல் உப்பும் தின்னு வளந்த ஒடம்பு, எனக்கு எப்படிக் கழலை வரும்?" அயோடின் குறைவால் கழுத்து வீங்கும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். மீனில் அயோடின் இருப்பது சரி. உப்பு விஷயம்தான் சரியில்லை. புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே போனால் மரக்காணத்தில் சாலையோரம் குவிந்து கிடக்கிறதே, அந்தக் கல்லுப்பில் தானாக இருக்கும் அயோடின் மிகக் குறைவு. பாக்கெட் உப்பில் தனியாகச் சேர்க்கிறார்கள். நம் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் 1950களில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் மற்றவர்களும் ஊர் ஊராக அயோடின் உப்புக் கொடுத்து, கழுத்துக் கழலை குறைவதைக் காட்டியதிலிருந்து நம் நாட்டுத் திட்டம் வளர்ந்தது, 1962ல் அரசுத் திட்டமாக ஆனது. ஆகவே கல்லுப்பு மட்டும் பயன்படுத்துகிற வீடுகள், முக்கியமாகக் கர்ப்பிணி இருக்கும் வீடுகள், இதை யோசிக்க வேண்டும். அதே சமயம், அயோடின் போதுமான அளவு இருந்தாலும் கட்டி வரும். வயது, பரம்பரை, பெண்ணாக இருப்பது, தைராய்டை உடம்பே தாக்கும் ஹஷிமோட்டோ நோய் என்று காரணங்கள் பல. அத்தை இன்னும் நம்பவில்லை, பாக்கெட் உப்பு மட்டும் வாங்க ஆரம்பித்திருக்கிறார்.

நெறி கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்குச் சளி பிடித்தாலோ தலையில் புண் வந்தாலோ கழுத்தில் சின்னதாக உருளும், தானாகக் குறையும். பெரியவர்களுக்கு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி, கெட்டியாக, இரண்டு மூன்று வாரம் ஆகியும் குறையாமல் இருந்தால் காட்டியே ஆக வேண்டும். நம் ஊரில் இதற்குப் பெரிய காரணம் காசநோய், பெரியவர்கள் கண்டமாலை என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று வீட்டில் மறைத்தே வைத்திருந்தார்கள். நுரையீரலில் இல்லாமல் நெறியில் மட்டும் இருந்தால் பொதுவாக அது மற்றவர்களுக்கு ஒட்டாது. ஊசியில் எடுத்ததைக் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைக்கும் அனுப்பினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், பொதுவாக ஆறு மாதம், சத்துணவுக்கு என்று மாதம் 1000 ரூபாயும் வங்கியில் போடுகிறார்கள். மருந்து ஆரம்பித்தபின் சிலருக்கு நெறி இன்னும் வீங்கும், அதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இன்னொன்று, புகையிலை போடுகிறவர், பீடி சிகரெட் பிடிக்கிறவர், நாற்பதைத் தாண்டியவர், இவர்களில் யாருக்கானாலும் கழுத்துப் பக்கவாட்டில் வலிக்காத கட்டி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். வாயையும் தொண்டையையும் முழுதாகப் பார்த்து, முதலில் மெல்லிய ஊசியில் எடுத்துச் சோதிப்பதுதான் முறை. எடுத்த எடுப்பிலேயே நெறியை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேறு மருத்துவரையும் கேளுங்கள்.

மீன் முள் மாட்டினால் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்திவிடும், வேண்டாம். முள் போனபின்னும் கீறல் இருப்பதால் ஓரிரு நாள் குத்துகிற மாதிரி இருக்கும். வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கழுத்து வீங்கினாலோ காத்திருக்காதீர்கள். பல்வலிக்குப் பின் நாக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் வேகமாக வீங்கி வாய் திறக்க முடியாமல் எச்சில் வழிவது, இறாலோ நண்டோ சாப்பிட்டபின் உதடும் நாக்கும் தடித்து மூச்சு இழுப்பது, இவை இரண்டும் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டியவை, அந்த நிமிடமே 108.

எந்த டாக்டரிடம் போவது என்று கேட்கிறவர்களுக்கு: காது மூக்கு தொண்டை மருத்துவர் அல்லது பொது அறுவை சிகிச்சைப் பிரிவு, எதுவானாலும் சரி. எப்போது முதலில் பார்த்தீர்கள், வளர்ந்ததா, வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா என்று கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் படத்தோடு எடுத்துப் போங்கள், வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பத்துப் போட்டிருந்தாலோ சுண்ணாம்பு தடவியிருந்தாலோ கழுவிவிட்டுப் போங்கள், தடவியதையும் சொல்லுங்கள். அத்தைக்குச் சுண்ணாம்பு பட்டுத் தோல் வெந்து சிவந்திருந்ததைப் பார்த்து, கட்டிதான் பழுத்து நிற்கிறதோ என்று அன்றைக்கு மருத்துவரே ஒரு நிமிடம் யோசித்தார்.